வாரந்தோறும் நிரப்பிய தண்ணீர்: குளிர்காலத்துக்கு முன் ஒரு வீட்டு ரேடியேட்டர் அமைப்பு

பின்னணி

இரண்டு தளங்கள் கொண்ட வீடு. கணவன், மனைவி, பள்ளி செல்லும் பிள்ளை, கணவரின் தாயார் என நால்வர். தாயாரின் அறை மேல்தளத்தில், பாய்லரிலிருந்து மிகத் தொலைவான மூலையில் இருக்கிறது. வெந்நீரையும் அறைச் சூட்டையும் ஒரே பெட்டியிலிருந்து தரும் காம்பி வகை கேஸ் பாய்லர், தாமிரக் குழாய்கள், ஒன்பது எஃகு ரேடியேட்டர்கள். எல்லாம் மூடிய சுற்று. சுற்றில் ஓடும் தண்ணீர் ஏறக்குறைய 100 லிட்டர். பாய்லர் கீழ்த்தளத்தில் இருப்பதால், மேல்தள ரேடியேட்டர்களின் தலைப்பகுதி அதைவிட சுமார் 5 மீட்டர் உயரத்தில் வரும். இந்த 5 மீட்டர் பின்னால் முக்கியமாகிறது.

முந்தைய குளிர்காலத்தில், சுற்றுத் தண்ணீரின் அழுத்தத்தை பார் என்ற அலகில் காட்டும் அழுத்தமானி அடிக்கடி 0.5 பாருக்குக் கீழே இறங்கி, பாய்லர் நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் பாய்லருக்கு அடியிலுள்ள நிரப்பும் குழாயைத் திறந்து முள்ளை 1.2க்குக் கொண்டுவந்து வீட்டார் சமாளித்தார்கள். நிரப்பிய நாள்களை மனைவி சமையலறைக் காலண்டரில் சிறு வட்டமிட்டுக் குறித்து வைத்திருந்தார். மொத்தம் 14 வட்டங்கள். இடையில் வந்து பார்த்த ஒருவர், "ஏதோ சின்னக் கசிவு, குறைஞ்சா நிரப்பிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தாயாரின் அறை மட்டும் கடைசிவரை சரியாகச் சூடாகவில்லை. அவர் இரண்டு மாதம் கம்பளிச் சட்டையோடுதான் தூங்கினார்.

அடுத்த குளிர் தொடங்க ஏழு வாரம் இருக்கும்போது, உரிமம் பெற்ற கேஸ் தொழில்நுட்பர் ஒருவரை அழைத்தார்கள். வருடாந்திர சர்வீஸ் முடித்து, கசிவை அடைக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றித் தர வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

முதல் நாளில் கண்டவை

முதலில் பார்த்தது கார்பன் மோனாக்சைடு அலாரம். டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் ஒலித்தது. ஆனால் அந்தப் பட்டன் பேட்டரியும் ஒலிப்பானும் வேலை செய்வதை மட்டுமே சொல்லும். உள்ளிருக்கும் சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. பின்புறத்தில் அச்சிட்டிருந்த மாற்ற வேண்டிய தேதி கடந்திருந்தது. வேறு எந்த வேலையைத் தொடுவதற்கும் முன் புது அலாரம் மாட்டப்பட்டது. புகைக்குழாயின் இணைப்புகள், வெளி வாய், எரிப்பின் அளவுகள் எல்லாம் கருவி வைத்துப் பார்த்ததில் சரியாக இருந்தன. கேஸ் பக்கத்தில் கோளாறு இல்லை. இனி வருவதெல்லாம் தண்ணீர்ப் பக்கத்துக் கதை.

அழுத்தமானி, பாய்லர் ஆறிய நிலையில், 0.4 பார் காட்டியது. பிறகு 1.2க்கு நிரப்பிச் சூடேற்றி ஒவ்வொரு ரேடியேட்டரையும் தொட்டுப் பார்த்தபோது மூன்று வகைக் குறை தெரிந்தது. மேல்தளத்தில் இரண்டு, தலைப்பகுதி குளிர்ந்தும் அடிப்பகுதி சூடாகவும் இருந்தன. கீழ்த்தளத்தில் மூன்று, ஓரங்கள் சூடாகி நடுவில் அடிப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தன. தாயாரின் அறையில் இருந்தது முழுக்கக் குளிர்ச்சி. தலையில் குளிர்ந்தால் உள்ளே வாயு நிற்கிறது என்று பொருள். அடி நடுவில் குளிர்ந்தால் சேறு படிந்திருக்கிறது. முழுக்கக் குளிர்ந்தால் வால்வு திறக்கவில்லை, அல்லது ஓட்டம் அங்கே போய்ச் சேரவில்லை. கையால் தொட்டே பிரித்தறியலாம், கருவி தேவையில்லை.

கீழ்த்தள ரேடியேட்டர் ஒன்றின் வடிகுழாயிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்தார் தொழில்நுட்பர். கறுப்பு மை கரைத்தது போல இருந்தது. தம்ளரை மேசையில் வைத்து, வெளிப்புறத்தில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி வைத்தார். பத்து நிமிடத்தில் காந்தம் இருந்த இடத்தில் கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்பாக ஒரு பொட்டு திரண்டது. மீதித் தண்ணீர் சாம்பல் நிறத்துக்கு வெளுத்தது. கறுப்புத் துகள் மேக்னடைட், அதாவது இரும்பின் ஒரு ஆக்சைடு. ரேடியேட்டரின் எஃகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இப்படித்தான் சேறாகிறது.

கிளம்பும் நேரத்தில்தான் முக்கியமான தகவல் வந்தது. அதைச் சொன்னது தாயார். "தம்பி, ஹீட்டர் நல்லா சூடான அன்னிக்கு பின்பக்கச் சுவர்ல தண்ணி சொட்டுது. மழை இல்லாத நாள்லயும் சொட்டுது. இவங்ககிட்ட சொன்னா ஏதோ மழைத்தண்ணின்னு சொல்றாங்க." பின்பக்கம் போய்ப் பார்த்தபோது, சுவரை நோக்கி வளைந்து நின்ற 15 மி.மீ. தாமிரக் குழாயின் வாய்க்குக் கீழே, செங்கலில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் கறை படிந்திருந்தது. பாய்லரின் சேஃப்டி வால்வு வெளியேற்றும் தண்ணீர் வரும் குழாய் அது. 3 பாரில் திறக்கும் வால்வு. ஒழுங்கான அமைப்பில் அந்தக் குழாய் ஆண்டு முழுக்க உலர்ந்தே இருக்க வேண்டும்.

முதல் முடிவு: அடைப்பான் ஊற்றுவதில்லை

வீட்டார் கேட்ட அடைப்புத் திரவத்தைத் தொழில்நுட்பர் மறுத்துவிட்டார். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் அதை ஊற்றினால் இரண்டு கேடு. போகும் வழி சேஃப்டி வால்வாக இருந்தால் திரவத்தால் எந்தப் பயனும் இல்லை. வால்வு அமர்ந்து மூடும் இருக்கையில் அது படிந்தால் மேலும் கெடும். ஏற்கெனவே சேறு நிறைந்த சுற்றில் இன்னொரு பசையைச் சேர்ப்பதால் பாய்லருக்குள் இருக்கும் மெல்லிய தகட்டு வெப்பமாற்றி அடைபடும் அபாயமும் உண்டு.

சேறு கழுவும் வேலையும் தள்ளிவைக்கப்பட்டது. பலர் தலைகீழாகச் செய்வது இந்த இடத்தில்தான். அழுத்தம் குறையும் காரணத்தை விட்டுவிட்டு முதலில் சுற்றைக் கழுவினால், கழுவிய சுற்றில் ஊற்றும் துருத்தடுப்புத் திரவமும் அதே வழியாக வெளியேறிவிடும். ஓராண்டில் மறுபடியும் கறுப்புத் தண்ணீர்தான்.

தண்ணீர் எங்கே போகிறது

இரண்டு சோதனைகள் வைத்துக்கொள்ளப்பட்டன: ஒன்று ஆறிய நிலையில், ஒன்று சூட்டில்.

ஆறிய சோதனைக்கு, சுற்றை 1.2 பாருக்கு நிரப்பி, நிரப்பும் குழாயைக் கழற்றி, பாய்லருக்கு அடியில் போகும் குழாய், வரும் குழாய் இரண்டின் வால்வுகளையும் மூடி இரவு முழுக்க விட்டார்கள். காலையில் பாய்லரின் அழுத்தமானி 1.2லேயே நின்றது. வால்வுகளைத் திறந்த பிறகும் முள் இறங்கவில்லை. பாய்லர் தனியாகவும் குழாய்ச் சுற்று தனியாகவும், குளிர்ந்த நிலையில், தண்ணீரைத் தாங்கின என்று பொருள். தரையைக் கொத்திக் கசிவு தேட வேண்டிய கவலை அதோடு தீர்ந்தது.

அடுத்து சூட்டுச் சோதனை. வெளிச்சுவர்க் குழாயின் வாயில் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றைத் தளர்வாகக் கட்டிவிட்டு, பாய்லரை அது முன்பு இருந்தபடியே 75 டிகிரியில் ஓட்டினார்கள். முள் ஏறத் தொடங்கியது. 12 நிமிடத்தில் 2.0, 20 நிமிடத்தில் 3.0. வெளியே பையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஓட்டம் முடிந்தபோது பையில் இருந்தது ஒன்றேகால் லிட்டர். எல்லாம் ஆறிய பின் அழுத்தம் 0.3.

தண்ணீர் சூடேறினால் பெருக்கும். 15 டிகிரியிலிருந்து சராசரி 67 டிகிரிக்குப் போனால் 100 லிட்டர் ஏறக்குறைய 102 லிட்டராகும். அந்தக் கூடுதல் 2 லிட்டருக்கு இடம் தருவதற்காகத்தான் பாய்லருக்குள் விரிவுக் கலன் இருக்கிறது. இந்தப் பாய்லரில் அது 8 லிட்டர் கொள்ளளவு. நடுவில் ஒரு ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் சுற்றுத் தண்ணீர், மறுபக்கம் அடைத்த காற்று. தண்ணீர் பெருக்கும்போது காற்று அமுங்கி இடம் விடும். நல்ல நிலையிலுள்ள கலன் என்றால், 1.2 பாரில் தொடங்கிய சுற்று 75 டிகிரியில் 2.2 பாரைத் தாண்டாது. 3.0 வந்ததென்றால் கலனில் காற்று போதவில்லை.

முந்தைய ஆண்டு வந்தவரும் இந்தக் கலனைப் பார்த்திருக்கிறார். டயருக்குக் காற்றழுத்தம் பார்க்கும் மானியை வைத்துப் பார்த்து, "1.2 இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்றாராம். அப்போது சுற்றில் தண்ணீர் அழுத்தமும் 1.2. சவ்வு நெகிழக்கூடியது, அதன் இருபுறமும் அழுத்தம் ஒன்றாகவே இருக்கும். சுற்று அழுத்தத்தில் இருக்கும்போது அந்த வால்வில் மானியை வைத்தால், கலனில் ஒரு கையளவு காற்றே மிச்சமிருந்தாலும், தண்ணீரின் அழுத்தம்தான் தெரியும். இந்த ஒரு தவறான அளவீடு ஒரு முழுக் குளிர்காலத்தை வீணாக்கியது.

கலனைச் சீர்செய்தது

மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பாய்லர் ஆறியது. போகும், வரும் வால்வுகள் மூடப்பட்டன. பாய்லரின் வடிகுழாயைத் திறந்து தண்ணீர் அழுத்தம் சுழிக்கு இறக்கப்பட்டது. அது திறந்தே விடப்பட்டது. அதன் பிறகுதான் கலனின் காற்று வால்வில் மானி வைக்கப்பட்டது. முள் அசையவில்லை. வால்வின் நடு ஊசியை அழுத்தியபோது தண்ணீர் வரவில்லை, மெல்லிய ஒரு மூச்சு மட்டும் வந்தது. தண்ணீர் வந்திருந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது, கலனையே மாற்ற வேண்டும். வராததால் சவ்வு பிழைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

கால் பம்பால் காற்று ஏற்றத் தொடங்கியதும், திறந்திருந்த வடிகுழாய் வழியாகக் கலனுக்குள் தேங்கியிருந்த தண்ணீர் வாளியில் கொட்டியது. அது நிற்கும்வரை ஏற்றி, மானி 0.75 பார் காட்டும்போது நிறுத்தினார்கள். இந்த அளவு எப்படி வந்தது என்றால், மேலே உள்ள ரேடியேட்டர்வரை 5 மீட்டர் தண்ணீர் நிற்க 0.5 பார் வேண்டும், அதன்மேல் கால் பார் சேர்த்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அளந்தபோது 0.72. வால்வின் மேல் சோப்புத் தண்ணீர் தடவியதும் ஊசி மையத்தில் குமிழி ஒன்று மெதுவாகப் புடைத்தது. காற்று போன வழி அதுதான். வால்வின் உட்கரு கார் டயரில் இருப்பதே. புது உட்கரு, உள்ளே ரப்பர் வளையம் உள்ள மூடி, மீண்டும் 0.75. குமிழி இல்லை.

சுற்றை 1.2க்கு நிரப்பி 75 டிகிரிக்கு ஓட்டியபோது முள் 2.2ல் நின்றது. பை உலர்ந்திருந்தது. வேலை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆறாம் நாள்: மறுபடியும் இறக்கம்

ஆறாம் நாள் காலையில் அழுத்தம் 0.9. மாமியார்தான் முதலில் கவனித்து மருமகளிடம் சொன்னார். அவருக்கு அதற்குள் அழுத்தமானி பார்க்கும் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

வெளிக்குழாயின் வாயில் ஒரு டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்ததில், பாய்லர் ஓடாத நேரத்திலேயே ஒரு மணி நேரத்தில் காகிதம் நனைந்தது. சேஃப்டி வால்வு ஒருமுறை திறந்தால், தண்ணீரோடு வரும் சேற்றுத் துகள் அதன் ரப்பர் இருக்கையில் சிக்கிக்கொள்ளும். பிறகு வால்வு முழுக்க மூடாது. ஆறிய சோதனையின்போது ஒழுகாத வால்வு, சூட்டுச் சோதனையில் திறந்த பிறகு ஒழுகத் தொடங்கியிருக்கிறது. தலையைத் திருகித் திருகி விட்டுத் துகளைக் கழுவிப் பார்ப்பதுண்டு. ஒரு குளிர்காலம் முழுக்கத் திறந்து மூடிய வால்வில் அது நிலைக்காது. வால்வு மாற்றப்பட்டது.

அதே வருகையில் குளியலறையில் துண்டு உலர்த்தும் ரேடியேட்டரின் வால்வுத் தண்டில் வெள்ளையும் பச்சையுமாக ஒரு பொருக்கு கண்ணில் பட்டது. சூட்டில் ஆவியாகிவிடுவதால் ஈரமாகத் தெரியாத கசிவு. தண்டைச் சுற்றிய நட்டைக் கால் சுற்று இறுக்கியதும் நின்றது.

சேறு ஏன் இவ்வளவு

14 முறை நிரப்பியதில் புதுத் தண்ணீர் முறைக்கு 2 லிட்டர் என்றே வைத்தாலும் 28 லிட்டர்தான். சாதாரண குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 28 லிட்டருக்கு 0.28 கிராம். அது ஒரு கிராம் இரும்பைக்கூடத் தின்னாது. ஆனால் தம்ளரில் கண்ட கறுப்பு அந்த அளவுக்கு அடங்குவதில்லை.

பெரிய வழி வேறு. பாய்லர் அருகில் அழுத்தமானி 0.3 காட்டும்போது, 5 மீட்டர் மேலே உள்ள இடத்தில் அழுத்தம் அதைவிட 0.5 பார் குறைவு. அதாவது வெளிக்காற்றைவிட 0.2 பார் தாழ்வு. அந்த நேரத்தில் மேல்தளத்தின் தானியங்கி காற்றுப்போக்கியும் தளர்ந்த வால்வுத் தண்டுகளும் காற்றை வெளியே விடுவதற்குப் பதில் உள்ளே உறிஞ்சும். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 0.28 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு குளிர்காலம் முழுக்க நிரப்பிய தண்ணீர் கொண்டுவந்த ஆக்சிஜனை ஒரே லிட்டர் காற்று கொண்டுவந்துவிடும். ஒவ்வொரு வாரமும் அழுத்தம் 0.5க்குக் கீழே கிடந்த இரவுகளில் எத்தனை லிட்டர் போனதோ. கூடவே, புதுத் தண்ணீர் சேரச் சேரத் துருத்தடுப்புத் திரவமும் நீர்த்துப்போனது.

ஆகவே அழுத்தமானி 0.3ல் இருக்கும்போது உடனே கவனிக்காமல் விட்டுவைப்பது, 14 முறை நிரப்பியதைவிடப் பெரிய கேடு.

மேல்தள ரேடியேட்டர்களில் வாரந்தோறும் திறந்துவிட்ட வாயுவிலும் ஒரு செய்தி உண்டு. எல்லாம் காற்று அல்ல. ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் தண்ணீர் இரும்போடு வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வெளியாகும். ரேடியேட்டரின் வாயுத் திருகைத் திறக்கும்போது அருகில் நெருப்பு இருக்கக் கூடாது என்பது அதனால்தான். பம்பை நிறுத்திவிட்டே திறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தால் சில இடங்களில் காற்றை உள்ளே இழுத்துவிடும். கீழ்த்தளம் முதலில், மேல்தளம் கடைசியில்.

சுற்றைக் கழுவியது

அதிவேக பம்ப் வைத்து முழுச் சுற்றையும் கழுவலாமா என்ற கேள்வி வந்தது. தேவையில்லை என்று முடிவானது. சேறு படிந்து குளிர்ந்தவை ஒன்பதில் மூன்றுதான், குழாய்களில் ஓட்டம் நன்றாக இருந்தது. கழுவும் திரவத்தைச் சுற்றில் சேர்த்து, அதன் பாட்டிலில் சொன்னபடி ஒரு வாரம் சாதாரணமாக ஓட்டினார்கள். பிறகு அந்த மூன்றை மட்டும் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கழுவினார்கள்.

ரேடியேட்டர் கழற்றுவதில் இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று, ரேடியேட்டர் வால்வின் மேலுள்ள தெர்மோஸ்டாட் தலையைப் பனித்துகள் சின்னத்தில் வைத்தால் மூடியதாக நினைப்பது. அறை குளிர்ந்தால் அது தானே திறந்துவிடும், கழற்றிய குழாயிலிருந்து தண்ணீர் பாயும். தலையை எடுத்துவிட்டு, முழுக்க மூடும் திருகு மூடி போட வேண்டும். இரண்டு, மறுமுனையில் ஓட்ட அளவைக் கட்டுப்படுத்தும் லாக்‌ஷீல்டு வால்வை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி ஒரு தாளில் எழுதாமல் விடுவது. இங்கே இரண்டுக்கு எழுதினார்கள். மூன்றாவதற்கு விட்டுப்போனது.

இருவர் சேர்ந்து தூக்கி, பழைய துண்டை வாயில் திணித்து, வெளியே கொண்டுபோய்த் தோட்டக் குழாயை ஒரு முனையில் செருகினார்கள். முதல் அரை நிமிடம் தார் போல வந்தது. ரப்பர் சுத்தியலால் அடிப்பகுதியைத் தட்டியபோது இன்னொரு சுற்று கறுப்பு. திசை மாற்றி மறுமுனையிலிருந்தும் கழுவிய பிறகே தெளிந்தது. மீதிச் சுற்றை மூன்று முறை நிரப்பி வடித்தார்கள். கண்ணால் பார்த்துத் தெளிவு என்று நிறுத்தவில்லை. தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் கடத்துதிறன் மீட்டரில் வடிநீரும் குழாய்த் தண்ணீரும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் வரும்வரை கழுவினார்கள். கழுவும் திரவம் மிச்சமிருந்தால் பின்னால் ஊற்றும் துருத்தடுப்பைக் கெடுத்துவிடும்.

பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் காந்த ஃபில்டர் ஒன்று பொருத்தப்பட்டது. கடைசியாகத் துருத்தடுப்புத் திரவம் 1 லிட்டர், 100 லிட்டர் சுற்றுக்கு உரிய அளவு. ஊற்றிய தேதியும் அளவும் எழுதிய ஒட்டுத்தாள் பாய்லர் மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டது.

தாயாரின் அறையும் ஓட்டத்தைச் சமன்செய்ததும்

அந்த அறை ரேடியேட்டரில் தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றியபோது, நடுவிலிருந்த ஊசி அழுந்தியபடியே நின்றது. நல்ல ஊசி விரலால் அழுத்தினால் சில மி.மீ. இறங்கி, விட்டதும் மேலே வரும். கோடை முழுக்க மூடியே கிடந்தால் இப்படி ஒட்டிக்கொள்வது வழக்கம். வால்வின் பக்கவாட்டில் ஸ்பானரின் கைப்பிடியால் மெல்லத் தட்டி, ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் விட்டு, மரக்கட்டை முனையால் இருபது முறை அழுத்தி விட்டதும் இளகியது. குறடால் பிடித்து இழுக்கக் கூடாது. ஊசி கையோடு வந்துவிட்டால் கூரைவரை தண்ணீர் பீய்ச்சும்.

ஊசி இளகியும் அறை மெதுவாகத்தான் சூடானது. தண்ணீர் எளிய வழியில் போகும்; பாய்லருக்கு அருகிலிருந்த ரேடியேட்டர்கள் ஓட்டத்தை எல்லாம் எடுத்துக்கொண்டன. எல்லா வால்வுகளையும் முழுக்கத் திறந்து, எது முதலில் சூடாகிறது என்று வரிசை எழுதி, முதலில் சூடானவற்றின் லாக்‌ஷீல்டை முழுக்க மூடிக் கால் சுற்று மட்டும் திறந்தார்கள். கடைசியில் இருந்த தாயாரின் அறையில் முழுக்கத் திறப்பு. கிளிப் வெப்பமானிகளை உள்ளே போகும், வெளியே வரும் குழாய்களில் மாட்டி, ஒவ்வொன்றிலும் வித்தியாசம் 15 டிகிரி அளவில் வரும்வரை எட்டில் ஒரு சுற்றாகத் திருத்தினார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பாதி நாள் போனது. அவசரப்பட்டால் இந்த வேலை வராது.

ஓட்டம் சமனானதும் பாய்லரின் சூடு 75லிருந்து 60 டிகிரிக்குக் குறைக்கப்பட்டது. திரும்பி வரும் தண்ணீர் 45 டிகிரியில் இருந்தது. இயற்கை எரிவாயு எரிந்த புகையிலுள்ள நீராவி தண்ணீராகி அதன் வெப்பத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே வர வேண்டும். 75ல் ஓட்டியவரை இந்த வீட்டுக்கு அந்தப் பயன் அநேகமாகக் கிடைத்திருக்காது. அழுத்தமும் இப்போது சூட்டில் 1.7க்கு மேல் ஏறுவதில்லை. தனியாக வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகளில் தொட்டியைக் கிருமி வளராத 60 டிகிரியில் வைக்க வேண்டும் என்பதால் பாய்லர் சூட்டை இப்படி யோசிக்காமல் குறைக்கக் கூடாது. காம்பியில் அந்தச் சிக்கல் இல்லை.

வெளிக்குழாய்

புகையிலிருந்து வடியும் தண்ணீர் போகும் கண்டன்சேட் குழாய் வெளிச்சுவரில் 2 மீட்டர் நீளத்துக்கு ஓடியது. உள்விட்டம் விரலளவு, சரிவு ஏறக்குறைய இல்லை, உறையும் இல்லை. முந்தைய ஆண்டு கடுங்குளிரில் ஒரு காலை பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றதாக மனைவி நினைவுகூர்ந்தார். அதுவும் அழுத்தக் குறைவு என்று நினைத்து அன்றும் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். உண்மையில் குழாய்க்குள் பனி அடைத்திருக்கிறது. காலண்டரில் அந்த நாளுக்கும் ஒரு வட்டம் இருந்தது.

வெளிப்பகுதி 32 மி.மீ. குழாயாக மாற்றப்பட்டது. மீட்டருக்கு 50 மி.மீ. சரிவு, நீர்புகாத உறை. மறுபடியும் உறைந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்ற வேண்டும், கொதிக்கும் தண்ணீர் அல்ல என்று சொல்லிக்கொடுக்கப்பட்டது. வெளியூர் போகும் நாள்களில் பாய்லரின் மின்சாரத்தை அணைக்கக் கூடாது என்பதும். பாய்லருக்குள் இருக்கும் உறைபனிக் காப்பு பாய்லரைத்தான் காக்கும். தொலைவிலுள்ள மூலை அறையின் குழாயை அது அறியாது. அதற்கு அறைத் தெர்மோஸ்டாட்டைக் குறைந்த சூட்டிலாவது வைத்துவிட்டுப் போக வேண்டும்.

குளிர்காலத்தில் நடந்தது

முதல் ஆறு வாரம் அழுத்தத்தை நாள்தோறும் தாயாரே பார்த்து எழுதினார். தொடக்கத்தில் 1.2, மூன்றாம் வாரத்தில் மேல்தளத்தில் ஒருமுறை வாயு திறந்துவிட்ட பிறகு 1.1, அதன்பின் அசைவில்லை. பருவம் முடியும்வரை ஒருமுறையும் நிரப்பவில்லை. வெளிக்குழாய் உலர்ந்திருந்தது. அவருடைய அறை காலையில் ஒரு மணி நேரத்துக்குள் 20 டிகிரியைத் தொட்டது; முன்பு மதியம்வரை 17ஐத் தாண்டியதில்லை.

காந்த ஃபில்டரை முதல் மாதத்தில் திறந்தபோது காந்தத் தண்டில் விரல் கனத்துக்குச் சேறு. மூன்றாம் மாதத்தில் மெல்லிய ஒரு படலம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தாயாரிடம் கேட்பதை முதல் வேலையாக வைத்திருக்க வேண்டும். நாள் முழுக்க வீட்டில் இருப்பவர் அவர்தான். ஈரச் சுவரைப் பற்றி அவர் ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டாரோ முன்பு வந்தவரோ காது கொடுக்கவில்லை.

கலன் காற்றிழந்தது என்று தெரிந்த அதே நாளில் சேஃப்டி வால்வையும் மாற்றியிருக்கலாம். பல முறை திறந்த வால்வு ஒழுகும் என்பது எதிர்பார்க்க வேண்டியதே. மாற்றாததால் ஆறு நாளும் ஒரு வருகையும் வீண். சூட்டுச் சோதனையே அதைத் திறக்கவைத்து ஒழுகலைத் தொடங்கிவைத்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கலனின் காற்றைத் தண்ணீர் இறக்கி முதலிலேயே அளந்திருந்தால் அந்தச் சோதனைக்கே தேவை இருந்திருக்காது. சுற்று எண்ணிக்கை எழுதாமல் விட்ட மூன்றாவது ரேடியேட்டருக்கு, ஓட்டத்தைச் சமன்செய்தபோது இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது.

கண்டன்சேட் குழாய் ஐந்தாம் வாரத்தில்தான் கவனத்துக்கு வந்தது. இன்னும் இரண்டு வாரம் தாமதித்திருந்தால் உறைபனியில் நின்று அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்திருக்கும்.

ஒன்று மட்டும் முடியவில்லை. கழுவிய மூன்றில் ஒன்று, கூடத்து ரேடியேட்டர், இன்னமும் அடி நடுவில் மற்ற இடங்களைவிட 4 டிகிரி குளிர்ந்தே இருக்கிறது. கூடம் போதிய சூடு பெறுவதால் குளிர்காலத்தில் அதைக் கழற்றவில்லை. வசந்தத்தில் இரண்டாம் முறை கழற்றிக் கழுவுவது, அதிலும் போகாவிட்டால் ரேடியேட்டரையே மாற்றுவது என்று முடிவாகியிருக்கிறது. அன்று கலனின் காற்றையும் தண்ணீர் இறக்கி அளக்க வேண்டும்: 0.75.